பிற்பகல் சாட்சியம்

ஜூலை 8, செவ்வாய்

நல்ல நாள். இந்த டைரியில் இப்படி எழுதி ரொம்ப நாளாயிற்று.

காலை பத்தரைக்கெல்லாம் கோர்ட்டில் இருந்தேன். பஞ்சு மில் தீவிபத்து வழக்கு. போன வருஷம் மாசியில் இரண்டு பெண்கள் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே எரிந்து செத்தார்களே, அது. மில் முதலாளிதான் குற்றம் சாட்டப்பட்டவர். இதுவரை வந்த அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லாம் இற்றுப்போன வயர், பூட்டிக்கிடந்த பின்வாசல் என்று சொன்னதையே சொல்ல, எனக்கு எழுதி எழுதி அலுத்துவிட்டது. இன்று முதலாளி தரப்புச் சாட்சி, மில் சூப்பர்வைசர். கூண்டில் ஏறியதும் குண்டைத் தூக்கிப் போட்டான். மில்லுக்கு வந்துபோகிற எலக்ட்ரீசியன் அன்று குடித்துவிட்டு வந்தானாம், கம்பியை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனானாம், தீப்பிடித்ததற்கு அதுதான் காரணமாம். பெயர் அர்த்தநாரி. தெரு பெயர்கூடச் சொன்னான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு இடைவேளை. மதியம் குறுக்கு விசாரணை. அதில் என்ன இருக்கப்போகிறது? "நீங்கள் சொல்வது பொய்" என்பார் அரசு வக்கீல். "இல்லை" என்பான் சாட்சி. தாராபுரம் கோர்ட்டில் பத்தொன்பது வருஷமாக நான் கேட்கிற பாட்டு. பெரிய கடைவீதியில் புது நகைக்கடைத் திறப்பு விழா, பத்திரிகைக்காரர்களுக்கு விருந்து என்று சொல்லியிருந்தார்கள். போனேன். தலைவாழை இலை, பதினான்கு வகை. புறப்படும்போது ஆளுக்கொரு ஹாட்பேக். என் மனைவி சாந்தாமணிக்குப் பிடித்த பச்சை நிறமாகப் பார்த்து எடுத்தேன்.

சையது நான்கு முறை கூப்பிட்டான். எதிர்ப் பேப்பர் நிருபன், ஆனாலும் எனக்கு வேண்டியவன். தனக்கும் ஒரு ஹாட்பேக் வாங்கி வைக்கச் சொல்லத்தான் கூப்பிடுவான் என்று எடுக்கவில்லை. பிறகு வாட்ஸப்பில் குரல் செய்தி, இரண்டரை நிமிஷம். அவன் ஆரம்பித்தால் ஊர் சுற்றி வருவான். யார் உட்கார்ந்து கேட்பது.

நாலரைக்குச் செய்தி அனுப்பினேன். கோவையிலிருந்து செய்தி ஆசிரியர் பத்மநாபன் சார் உடனே போன் செய்தார். "பிரமாதம்யா நாச்சிமுத்து, நாளைக்கு மாவட்டப் பக்கத்துல இதுதான் தலை" என்றார்.

இட்லி மாவு அரைத்து விற்கிற கிரைண்டர் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது என்கிறாள் சாந்தாமணி. ஆள் பார்க்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

பக்கத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை தலைப்பு. 'குடிபோதையில் எலக்ட்ரீசியன், பலியான இரு பெண்கள்: கோர்ட்டில் பரபரப்பு சாட்சியம்.' கீழே 'நமது நிருபர்' என்று நான்.

டீக்கடையில் மற்ற பேப்பர்களையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை! சையதின் பேப்பரில் மட்டும் ஆறு வரி, சூப்பர்வைசரிடம் விசாரணை நடந்தது என்று. அர்த்தநாரி என்ற பெயரே இல்லை. பாவம், காலையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான் போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் நமது 'காலைக்குரல்' பேப்பரில் மட்டும் வந்த கோர்ட் செய்தி என்றால் விரல்விட்டு எண்ணலாம். டீக்கடைக்காரர் சத்தமாகப் படித்துக் காட்ட, நாலு பேர் கூடிவிட்டார்கள்.

சாந்தாமணி மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே படித்தாள். படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

ஜூலை 10, வியாழன்

கோர்ட் கேன்டீனில் சையது பிடித்துக்கொண்டான்.

"ஏப்பா நாச்சி, நான் அனுப்புன வாய்ஸைக் கேக்கவே இல்லியா நீ?"

கேட்கவில்லை என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அங்கேயே என் போனை வாங்கி அழுத்திவிட்டான்.

இரண்டரை நிமிஷம். அரசு வக்கீல் மதியம் மில்லின் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினாராம். தீப்பிடித்த அன்று சூப்பர்வைசர் லீவு. பழனியில் மச்சினன் கல்யாணத்தில் இருந்திருக்கிறான். மூன்றாவது கேள்வியிலேயே ஆள் உடைந்துவிட்டான். எலக்ட்ரீசியன் கதையை முதலாளியின் கணக்குப்பிள்ளைதான் சொல்லிக் கொடுத்தார், நான் எதையும் பார்க்கவில்லை என்று அழுதிருக்கிறான். அப்போது ஜட்ஜ் அம்மா நிருபர்கள் பக்கம் திரும்பி, அந்த எலக்ட்ரீசியன் இந்த வழக்கிலேயே இல்லாதவர், வந்து பதில் சொல்ல அவருக்கு வழி கிடையாது, அவர் பெயரை யாரும் போடக்கூடாது என்று சொல்லி, அதைப் பதிவும் செய்யச் சொல்லியிருக்கிறார்.

"உன்னைய அங்க காணோம், அதான் கூப்புட்டுக் கூப்புட்டுப் பார்த்தேன்" என்றான்.

எனக்குத் தெரியாது. தெரியாமல் நடந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? சாட்சி சொன்னான், எழுதினேன். என் கற்பனையில் ஒரு வரி எழுதவில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

டீ ஆறிப்போயிருந்தது.

ஜூலை 12, சனி

கிரைண்டர் நின்றேவிட்டது. ஊறவைத்த அரிசி அப்படியே கிடக்கிறது.

"ஏனுங்க, நம்மூட்டுக்கு வயரிங் பண்ணுனவரையே கூப்புடுங்களே" என்றாள் சாந்தாமணி.

"யாரை?"

"அர்த்தநாரியண்ணனைத்தான். வேற யாரை?"

ஆமாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டைக் கட்டியபோது வயரிங் செய்தவர் அவர்தான். இதை முன்பே எழுதியிருக்கலாம். அவசியப்படவில்லை.

"வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போறவரு. ஒரு டம்ளரு காப்பி குடுத்தாலே வேண்டாம்பாரு. அவரைப் போய்க் குடிகாரன்னு எழுதிப்போட்டீங்க."

"நான் எழுதலை. சாட்சி சொன்னான்."

"அந்தச் சாட்சி பேரு எங்கியோ பொடி எழுத்துல கெடக்குது. இவரு பேருதான் கண்ணுக்குத் தெரியுது" என்றாள். அரிசியைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு அரைக்கப் போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். 'என் கட்சிக்காரர் முப்பது வருடமாக நாணயமாகத் தொழில் செய்து வருபவர்' என்று ஆரம்பித்து நான்கு பக்கம். அவதூறு வழக்கு, நஷ்ட ஈடு, பகிரங்க மன்னிப்பு எல்லாம் இருக்கிறது. ஆசிரியருக்கு ஒன்று, வெளியீட்டாளருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

பத்மநாபன் சார் பதறவே இல்லை. "கோர்ட்டுல நடந்ததை உள்ளபடி போட்டா அவதூறு ஆகாதுய்யா. சட்டத்துலயே விலக்கு இருக்கு. நீ தைரியமா இரு" என்றார்.

தைரியமாகத்தான் இருக்கிறேன். ஆனால் 'உள்ளபடி' என்றாரே, அந்தச் சொல் மட்டும் பல்லில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஜூலை 16, புதன்

கோர்ட்டிலிருந்தும் வந்துவிட்டது. உத்தரவு இருந்தும் பெயரை வெளியிட்டது ஏன் என்று 28-ஆம் தேதி நேரில் வந்து விளக்க வேண்டும். கொண்டுவந்து கொடுத்த ஊழியர் என்னோடு தினமும் டீ குடிப்பவர். கையெழுத்து வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த டைரியே வாய்தா தேதி குறித்துவைக்கத்தான். உரக்கடை இலவசமாகக் கொடுத்தது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். எத்தனையோ பேரின் வாய்தாவைக் குறித்திருக்கிறேன். இன்று 28-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி என் பெயரை எழுதினேன்.

ஜூலை 19, சனி

கோவை போய் வந்தேன். பத்திரிகையின் வக்கீல் வசுமதி மேடம். ஐம்பது வயதிருக்கும், நிதானமான பேச்சு. போனதும் மோர் கொடுத்தார். இரண்டு காகிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு, புரியுதா நாச்சிமுத்து? மத்தியானமும் கோர்ட்டுல இருந்தேன்னு சொன்னா, உத்தரவைக் காதுல கேட்டும் மீறினீங்கன்னு ஆகும். இல்லவே இல்லைன்னு சொன்னா, பாதி விசாரணையை மட்டும் பார்த்துட்டு முழுசா நடந்த மாதிரி எழுதினீங்கன்னு ஆகும். அப்போ அவதூறு கேஸ்ல நமக்கு இருக்கிற ஒரே கவசம் போயிடும்."

இப்படிப் பார்த்தாலும் உதை, அப்படிப் பார்த்தாலும் உதை. நான் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதனால இப்படி வெச்சுக்கலாம். நீங்க சாயந்திரம் வரைக்கும் இருந்தீங்க. நடுவுல போன் பேச ஒரு பத்து நிமிஷம் வெளிய போனீங்க. உத்தரவு அந்த நேரத்துல சொல்லப்பட்டிருக்கு. குறுக்கு விசாரணையைத் தனியா, விரிவா போடலாம்னு எடுத்து வெச்சிருந்தீங்க. சரிதானே?"

சரிதானா என்று கேட்டாரே தவிர, நான் உண்மையில் எங்கே இருந்தேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"சரிங்க மேடம்" என்றேன்.

பல்லடம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். நகைக்கடை விருந்தில் எடுத்த குரூப் போட்டோ ஞாபகம் வந்தது. மூன்றாவது வரிசையில் நான் இருக்கிறேன். யாரும் அதைத் தேடப் போவதில்லை.

ஜூலை 21, திங்கள்

மாவுப் பாக்கெட் கொடுக்கப் போனவன் வழி மாறி அர்த்தநாரியின் தெருவுக்குள் போய்விட்டேன். அந்தத் தெருவில் நமக்கு வாடிக்கை யாரும் கிடையாது.

வாசலில் மண் சிதறிக் கிடந்தது. யாரோ கூட்டியும் முழுக்கப் போகாத மண். 'அர்த்தநாரி எலக்ட்ரிகல்ஸ்' போர்டைக் கழற்றிச் சுவரோடு திருப்பிச் சாய்த்திருந்தார்கள். அவர் உள்ளே ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பலாம் என்பதற்குள் பார்த்துவிட்டார்.

"வாங்க சார். உள்ளார வாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

"அந்த மண்ணு என்னுங்க?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"செத்துப்போன புள்ளையோட அம்மா வந்துச்சுங்க. பேப்பரை எவனோ படிச்சுக் காட்டியிருக்கான். ரண்டு கையிலயும் மண்ணை வாரித் தூத்திட்டுப் போயிருச்சு. அதைக் குத்தஞ்சொல்ல முடியுங்களா? பெத்த வயிறு."

அந்த மில்லின் வயர் இற்றுப்போய்விட்டது, மொத்தமும் மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கேட்கவில்லை என்றதும், தீப்பிடிப்பதற்கு ஆறு மாதம் முன்பே அங்கே போவதை நிறுத்திவிட்டார். எழுதிக் கொடுத்த சீட்டு போலீசாரிடம் இருக்கிறது. அதனால்தான் அவரை வழக்கில் சேர்க்கவே இல்லை.

"மூணு வீட்டு வேலை பாதியில நிக்குதுங்க சார். ஒருத்தரு, நான் போட்ட வயரையெல்லாம் செவுத்துலருந்து உருவிப் போட்டுட்டு வேற ஆளை வெச்சுப் பண்றாரு. நான் போய்ப் பார்த்தனுங்க. வாசல்ல குமிச்சுப் போட்டிருந்தாங்க. அத்தனையும் புது வயரு."

மின்விசிறி இறக்கையை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"சாட்சி சொன்னதைத்தான் நான்..." என்று தொடங்கினேன்.

"சொன்னானுங்க. இல்லீங்கல. ஆனா சார், என்ற நம்பரு உங்ககிட்ட இருக்குது. ஒரே ஒரு வார்த்தை, 'ஏனப்பா, இப்பிடிச் சொல்றாங்களே'ன்னு கேட்டிருக்கலாமில்லீங்களா?"

இருக்கிறது. 'கரண்ட் அர்த்தநாரி' என்று போனில் போட்டு வைத்திருக்கிறேன்.

என்ன செய்தால் உங்களுக்குத் திருப்தியாகும் என்று கேட்டேன். நோட்டீசில் இருப்பதெல்லாம் வக்கீல் எழுதியது என்றார்.

"அன்னைக்கு மத்தியானம் அந்த ஆளு அழுதுட்டுச் சொன்னானாமே, அது பேப்பருல வரோணுங்க. காலையில சொன்னது எந்த எடத்துல வந்துதோ அதே எடத்துல. அது போதுமுங்க எனக்கு."

அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். எனக்கு மட்டும். அவர் குடிப்பதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 24, வியாழன்

பிரமாணப் பத்திரத்தின் நகல் கோவையிலிருந்து வந்துவிட்டது. கோர்ட்டில் கொடுக்க வேண்டிய வாக்குமூலம். 'மேற்படி 8-ஆம் தேதி நீதிமன்றம் கலையும் வரை நான் அங்கே இருந்தேன்' என்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று சொல்லி, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

பத்மநாபன் சார் போனில் அன்பாகப் பேசினார். "உனக்கு மட்டும் இல்லைய்யா, பேப்பருக்கும் இதுதான் நல்லது. நீ மாத்திப் பேசினா உன்னை நான் கோர்ட் பக்கம் அனுப்ப முடியாது. பத்தொம்பது வருஷம், யோசிச்சுக்க."

யோசிக்கிறேன். எனக்கு வேறு என்ன எழுதத் தெரியும்? கோர்ட் வாசலில் கால் வைத்தால் வக்கீல் முதல் டீக்கடைக்காரர் வரை 'வாங்க நாச்சி' என்பார்கள். அது போய்விட்டால் மாவுப் பாக்கெட் போடுகிறவன்தான் நான்.

சாந்தாமணி இன்றும் அண்ணன் வீட்டில்தான் அரைத்தாள். வேறு எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாம் என்றேன். காது கேட்காதவள் மாதிரி போய்விட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

8-ஆம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். 'நல்ல நாள்' என்று ஆரம்பிக்கிறது. பதினான்கு வகை, ஹாட்பேக், பச்சை நிறம், எல்லாம் என் கையெழுத்தில்.

கிழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. யாருக்கும் தெரியப்போவதில்லை. நகைக்கடைக்காரர் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை. சையதும், யாராவது கேட்டால்தான் வாயைத் திறப்பான்.

இதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை நாளாக எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். கூண்டில் அந்தப் பெயரைக் கேட்ட அந்த நிமிஷமே எனக்கு ஆள் தெரியும். தெரு பெயரும் சொன்னதும் சந்தேகமே இல்லை. 'அவரா? இருக்காதே' என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நினைப்பு தலைப்பைப் பற்றியது. அந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஒரு போன் செய்திருக்கலாம். மதியம் கோர்ட்டில் இருந்திருந்தால் அவர் பெயரைப் போட முடியாமல் போகும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ, அதனால்தான் விருந்துக்கு அவ்வளவு வேகமாகப் போனேனோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. அப்படி இருக்காது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஹாட்பேக் பரண் மேலேயே இருக்கிறது. சாந்தாமணி அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்று முழு நாளும் கோர்ட்டில்தான் இருந்தேன்.

காலையில் வசுமதி மேடத்திடம் பிரமாணப் பத்திரத்தைக் கையெழுத்தில்லாமலே திருப்பிக் கொடுத்தேன். "இது வேண்டாமுங்க மேடம்" என்றேன். அவர் அதை வாங்கிக் கோப்புக்குள் வைத்தார். கோபப்படவில்லை. "அப்போ நான் பேச ஒண்ணும் இல்லை. நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சிலிருந்து எழுந்து, வழக்கமாக மற்றவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். பத்தடிதான் இருக்கும். சுவரோரம் அர்த்தநாரி துண்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

ஜட்ஜ் அம்மா கேட்டார். "நான் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க அம்மா."

"ஏன்?"

"மத்தியானம் நான் கோர்ட்டுல இல்லீங்க."

"எங்கே இருந்தீர்கள்?"

"கடைவீதியில ஒரு நகைக்கடைத் திறப்பு விழாங்க. விருந்துக்குப் போயிட்டனுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் அம்மா சிரிக்கவில்லை. "சாப்பாடு நன்றாக இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க அம்மா" என்றேன். அந்த இடத்தில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

டைரியையும் நீட்டினேன். 8-ஆம் தேதிப் பக்கத்தை அவர் வாசித்தார், அடியில் இருந்த பூச்சிமருந்து விளம்பரம் வரைக்கும். எனக்குக் காது வரை சுட்டது. பிறகு அதை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூட வக்கீல் இருக்கிறார். இந்த மனிதருக்கு யாரும் இல்லை. அவர் இங்கே இல்லாத நேரத்தில் அவரைப் பற்றிச் சொன்னார்கள். அதனால்தான் பெயர் வேண்டாம் என்றேன். நீங்கள் உள்ளே வந்து எழுத எந்தத் தடையும் இல்லை. ஆனால் பாதியில் எழுந்து போகிறவர், மீதி என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டாவது எழுத வேண்டும்."

வசுமதி மேடம் எழுந்தார். பேச ஒன்றும் இல்லை என்றவர், பிற்பகல் சாட்சியத்தை அதே பக்கத்தில், அதே அளவில், வருத்தத்தோடு பத்திரிகை வெளியிடும் என்று உறுதி கொடுத்தார். பத்மநாபன் சாரிடம் காலையிலேயே பேசியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன். என்னை எச்சரித்து, மன்னிப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அர்த்தநாரியிடம் போனேன். "என்னை மன்னிச்சிருங்க. பேரைக் கேட்டதுமே நீங்கதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதுனேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது எனக்கும் தெரியுமுங்க சார்" என்றார்.

ஜூலை 31, வியாழன்

சாட்சியத்தின் நகலுக்கு மனுப் போட்டு வாங்கி, வரி வரியாகப் படித்து எழுதினேன். இன்று வந்துவிட்டது. 'எலக்ட்ரீசியன் மீது சொன்னது பொய்: மில் சூப்பர்வைசர் ஒப்புதல்.' அர்த்தநாரி சம்மதித்த பிறகே அவர் பெயரைப் போட்டோம், அதற்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கினோம். அதே பக்கம். அதே அளவு எழுத்து. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன்.

டீக்கடைக்குப் போனேன். பேப்பர் மேஜையில் கிடந்தது. ஒருவர் பார்த்தார், புரட்டினார், சினிமா பக்கத்துக்குப் போய்விட்டார். அன்று போல் இன்று யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. நானே எடுத்துப் படித்தேன், சத்தமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பத்மநாபன் சார் சொன்னபடி செய்துவிட்டார். கோர்ட்டுக்கு வேறு ஆள் வருகிறார். நாளை முதல் எனக்கு உழவர் சந்தை, முருங்கைக்காய் நிலவரம். சையது கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தான். "முருங்கைக்காய் மானநஷ்ட கேஸ் போடாதுப்பா" என்றான். மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன். நோட்டீசைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அர்த்தநாரியின் வக்கீலிடமிருந்து தகவல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

காலையில் சாந்தாமணி என் போனை எடுத்து அவளே கூப்பிட்டுவிட்டாள். "அண்ணா, கிரைண்டர் ஓட மாட்டீங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள்.

வருவார் என்று நான் நினைக்கவில்லை. அமராவதிக்குப் போகிறவர்கள் எல்லாம் போய்த் திரும்பி, தெரு அடங்கிய பிறகு, இரண்டரை மணிக்குப் பழைய தோல் பையோடு வந்தார். கிரைண்டர் வாசலை ஒட்டிய கூடத்தில்தான் இருக்கிறது. கதவு திறந்தே இருக்கும். மோட்டாரைக் கழற்றினார், உள்ளே ஏதோ மாற்றினார், எர்த் வயர் அறுந்திருக்கிறது என்று புதிதாக இழுத்தார். நான் டார்ச் பிடித்தேன்.

நாளைக்கு மாவு வேண்டுமென்று சொல்லிவைக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றுவிட்டார்கள். உள்ளே வரவில்லை. எதிர்வீட்டு ருக்குமணியக்கா அவரைப் பார்ப்பதும் கிரைண்டரைப் பார்ப்பதுமாக இருந்தார். யாரோ மெதுவாக, "இவருதானே அந்த மில்லு..." என்றார்கள். வியாழக்கிழமைப் பேப்பர் இந்தத் தெருவுக்கு வரவே இல்லை போலிருக்கிறது.

அர்த்தநாரி காதில் விழாதவர் மாதிரி கடைசித் திருகாணியை முடுக்கினார். எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார். போனவர் நின்றார்.

"சார், கையை நனைச்சுட்டு அந்த எவர்சில்வர் மேல வைங்க."

ஒரு நிமிஷம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாந்தாமணியும் பார்த்தாள். குண்டாவில் இருந்த தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கை வரை நனைத்தேன். கிரைண்டரின் இரண்டு பக்கமும் அழுத்தி வைத்தேன். பயமாக இல்லை என்று எழுதினால் பொய்.

"போடுங்க" என்றேன்.

சுவிட்சைப் போட்டார். கல் சுற்றியது. என் கைக்குக் கீழே அதிர்வு மட்டும்தான். கையை எடுக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. சாந்தாமணி அரிசியைக் கொட்டினாள். அது நொறுங்கி, வெண்மையாகித் திரள ஆரம்பிக்கும் வரை அப்படியே நின்றேன்.

ருக்குமணியக்காதான் முதலில் படியேறினார். "ஏனுங்கண்ணா, எங்கூட்டுத் தண்ணி மோட்டாரும் நாலு நாளா இழுக்க மாட்டீங்குதுங்க. அப்பிடியே வந்து பார்த்துட்டுப் போறீங்களா?"

அர்த்தநாரி தோல் பையை எடுத்துக்கொண்டார். தெருவைக் கடந்து அந்த வீட்டுப் படியில் ஏறினார். வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இது எந்தப் பேப்பரிலும் வராது. அதனால் இங்கே குறித்து வைக்கிறேன். பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிஷம். மோட்டாரை ஓடவைத்து அவர் வெளியே வரும் வரை நான் அங்கேயே இருந்தேன்.